கனடா ஸ்டடி பெர்மிட்: ஆஃபர் லெட்டர் வந்த நாளிலிருந்து கனடாவில் இறங்கும் வரை

கடந்த சில வருடங்களில் சொந்தக்காரப் பிள்ளைகள், நண்பர்களின் பிள்ளைகள் என்று கனடா விண்ணப்பம் போடும் பலரோடு இரவு முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். கிடைத்ததும் உண்டு, மறுக்கப்பட்டதும் உண்டு. மறுக்கப்பட்ட வீட்டில் நிலப் பத்திரம் வங்கியில் இருக்கும், கட்டிய முன்பணம் கல்லூரியில் இருக்கும், பிள்ளை மட்டும் வீட்டில் இருக்கும். அந்த நிலைமையை நேரில் பார்த்ததால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்க விசா மாதிரி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி உட்கார்ந்து கேள்வி கேட்பது பெரும்பாலும் இங்கே கிடையாது. உங்களுக்காகப் பேசப்போவது நீங்கள் அப்லோட் செய்யும் காகிதங்கள்தான். அந்தக் காகிதங்கள் எல்லாம் ஒரே பேச்சைப் பேச வேண்டும். கடிதம் ஒன்றைச் சொல்லி, வங்கிக் கணக்கு வேறொன்றைச் சொன்னால் "இல்லை சார், அது வந்து..." என்று விளக்க அங்கே நீங்கள் இருக்க மாட்டீர்கள். கீழே நான் சொல்லும் ஒவ்வொரு படியும் இதைச் சுற்றித்தான் வரும்.

பெர்மிட் வேறு, விசா வேறு

ஊரில் எல்லாவற்றையும் "விசா" என்று சொல்லிவிடுகிறோம். ஸ்டடி பெர்மிட் என்பது கனடாவில் படிக்க அனுமதிக்கும் தாள். பாஸ்போர்ட்டில் ஒட்டும் விசா, நாட்டுக்குள் நுழைவதற்கு. நாம் பெர்மிட்டுக்குத்தான் விண்ணப்பிக்கிறோம். அது ஏற்கப்பட்டால் விசாவும் கூடவே வந்துவிடும், அதற்குத் தனி விண்ணப்பம் வேண்டாம். ஆனால் அசல் பெர்மிட் இங்கே கைக்கு வராது. இங்கே வருவது ஒரு அறிமுகக் கடிதம் மட்டும். அதைக் கனடாவில் இறங்கும் விமான நிலையத்தில் காட்டினால்தான் பெர்மிட் அச்சிட்டுக் கொடுப்பார்கள். ஆறு மாதம் அல்லது அதற்குக் குறைவான படிப்பு என்றால் ஸ்டடி பெர்மிட்டே தேவையில்லை, பார்வையாளர் விசா போதும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி முடிவாகிவிடுகிறது

ஆஃபர் லெட்டர் வந்ததும் இனிப்பு கொடுத்துவிடுகிறார்கள். அதற்கு முன்னால் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

கல்லூரி டிஎல்ஐ பட்டியலில் இருக்கிறதா என்பது முதலாவது. வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியல் அது, கனடா குடிவரவுத் துறையான ஐஆர்சிசியின் தளத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு கல்லூரிக்கும் ஓ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் ஒரு எண் இருக்கும். நீங்களே தேடிப் பாருங்கள், ஏஜென்ட் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பி இருந்துவிடாதீர்கள்.

இரண்டாவது, அந்தப் படிப்பை முடித்தால் பிஜிடபிள்யூபி எனப்படும் வேலை அனுமதி கிடைக்குமா. டிஎல்ஐ பட்டியலில் இருக்கிற எல்லாக் கல்லூரிக்கும் இது கிடைக்காது. அரசுக் கல்லூரியின் பாடத்திட்டத்தைத் தனியார் கல்லூரி நடத்தும் கூட்டு ஏற்பாடுகளில் 2024 மே 15-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு இந்த வேலை அனுமதி இல்லை. 2024 நவம்பர் 1 அல்லது அதற்குப் பிறகு பெர்மிட்டுக்கு விண்ணப்பித்தவர்கள் டிப்ளமோ, சர்டிஃபிகேட் மாதிரி பட்டமல்லாத படிப்பில் சேர்ந்தால், அது அரசு அறிவித்த துறைப் பட்டியலுக்குள் இருக்க வேண்டும். இளங்கலை, முதுகலை, முனைவர் பட்டங்களுக்கு இந்தத் துறைக் கட்டுப்பாடு கிடையாது. கடன் வாங்கிப் போகிற குடும்பத்துக்கு இதைவிட முக்கியமான தகவல் இல்லை, ஏனென்றால் அந்தக் கடனை அடைக்கப்போவது படிப்பு முடிந்தபின் கிடைக்கும் வேலைதான். முதுகலை எட்டு மாதம் இருந்தாலே மூன்று வருட வேலை அனுமதிக்குத் தகுதி உண்டு, டிப்ளமோவுக்குப் படிப்பின் நீளத்தைப் பொறுத்தது. வாழ்நாளில் ஒரு முறைதான் தருவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

இதோடு ஒட்டிய ஒரு சின்ன விஷயம், பலர் கடைசியில்தான் தெரிந்துகொள்கிறார்கள். கல்லூரியில் சேர ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதுவீர்கள். ஆனால் வேலை அனுமதிக்கு அந்த அகாடமிக் மதிப்பெண் செல்லாது. ஆங்கிலத் தேர்வு என்றால் ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் ட்ரெய்னிங், செல்பிப் ஜெனரல், பிடிஇ கோர் இவற்றில் ஒன்றை எழுத வேண்டும். அதுவும் விண்ணப்பிக்கும்போது இரண்டு வருடத்துக்குள் எழுதியதாக இருக்க வேண்டும். அதனால் இப்போதே எழுதிவைத்துப் பயனில்லை, செலவுக் கணக்கில் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பணம் திருப்பித் தரும் விதி. பெர்மிட் மறுக்கப்பட்டால் முன்பணத்தில் எவ்வளவு பிடிப்பார்கள், எந்தத் தேதிக்குள் கேட்க வேண்டும் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே படித்து, அந்தப் பக்கத்தைச் சேமித்து வையுங்கள்.

பிஏஎல்: மாகாணத்தின் சான்றுக் கடிதம்

கனடா 2024 ஜனவரி 22 அன்று மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு கொண்டுவந்தது. அதிலிருந்து ஒவ்வொரு மாகாணத்துக்கும் இத்தனை பேர் என்று ஒதுக்கீடு. நீங்கள் அந்த ஒதுக்கீட்டுக்குள் வருகிறீர்கள் என்று மாகாணம் தரும் கடிதம்தான் பிஏஎல். அது தேவைப்படுகிறவர்கள் அது இல்லாமல் விண்ணப்பித்தால் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இதை நீங்கள் நேரடியாக மாகாணத்திடம் கேட்க முடியாது, கல்லூரிதான் வாங்கித் தரும். பல கல்லூரிகள் முன்பணம் கட்டிய பிறகே கோரிக்கையை அனுப்புகின்றன, அதற்கும் நாள் ஆகும். கடிதத்தில் காலாவதித் தேதி இருக்கும், பாருங்கள். கியூபெக் மாகாணம் என்றால் சிஏக்யூ என்ற தனி அனுமதியை அந்த மாகாண அரசிடம் நீங்களே விண்ணப்பித்துப் பெற வேண்டும்.

ஒரு நல்ல செய்தி: 2026 ஜனவரி 1 முதல் அரசுப் பல்கலைக்கழகங்களில் முதுகலை, முனைவர் பட்டம் படிக்கப் போகிறவர்களுக்கு பிஏஎல் வேண்டாம். பட்டம் முடித்துவிட்டு "டிப்ளமோவா, மாஸ்டர்ஸா" என்று யோசிக்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பணம் காட்டுவது

பெரும்பாலான வீடுகள் தடுமாறுகிற இடம் இது, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கியூபெக் தவிர மற்ற மாகாணங்களுக்கு, தனியாகப் போகும் ஒரு மாணவர் வாழ்க்கைச் செலவுக்காக 22,895 கனடிய டாலர் காட்ட வேண்டும். இது 2025 செப்டம்பர் 1 முதல் அமலான தொகை. 2024-இன் தொடக்கத்தில் 20,635 ஆக இருந்தது, அதற்கு முன்பு பல வருடங்கள் வெறும் 10,000. வருடா வருடம் மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அதனால் விண்ணப்பிக்கும் வாரத்தில் ஐஆர்சிசி தளத்தைத் திறந்து தொகையைச் சரிபாருங்கள். ரூபாயில் இது மட்டுமே 14, 15 லட்சத்தை ஒட்டி வரும்.

இந்தத் தொகைக்குள் படிப்புக் கட்டணம் அடங்காது. முதல் வருடக் கட்டணமும் பயணச் செலவும் தனி. உதாரணமாக முதல் வருடக் கட்டணம் 20,000 டாலர், அதில் 10,000 கட்டிவிட்டீர்கள் என்றால், கட்டிய ரசீதோடு மீதி 10,000, வாழ்க்கைச் செலவு 22,895, ஆக 32,895 டாலரும் அதற்கு மேல் விமான டிக்கெட்டுக்கும் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். "அங்கே போய் பார்ட் டைம் பார்த்துக் கட்டிவிடுவேன்" என்பது கணக்கில் வராது. அதைக் கடிதத்தில் எழுதவே எழுதாதீர்கள்.

எப்படிக் காட்டுவது? முதல் வழி ஜிஐசி. அதற்கென அங்கீகரிக்கப்பட்ட கனடிய வங்கிகளில் ஒன்றில் இங்கிருந்தே கணக்குத் தொடங்கி வாழ்க்கைச் செலவுத் தொகையைப் போடுகிறீர்கள், அங்கே போய் இறங்கியதும் ஒரு பகுதி கையில் கிடைக்கும், மீதியைத் தவணை தவணையாகத் திருப்பித் தருவார்கள். எஸ்டிஎஸ் என்ற வேகப் பாதை இருந்தபோது ஜிஐசி கட்டாயமாக இருந்தது. அந்தப் பாதையை 2024 நவம்பர் 8 அன்று மூடிவிட்டார்கள், கட்டாயமும் போய்விட்டது. இருந்தாலும் முடிந்தால் ஜிஐசி போடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். பணம் கனடாவிலேயே உங்கள் பெயரில் உட்கார்ந்திருக்கிறது, அதைவிடத் தெளிவான ஆதாரம் வேறில்லை. பிள்ளை அங்கே போனபிறகு முதல் வருடச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் அதுவே உதவும்.

இரண்டாவது வழி வங்கிக் கல்விக் கடன். கடன் அனுமதிக் கடிதத்தில் தொகை, வட்டி, யார் பெயரில் என்பதெல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். "கொள்கை அளவில் ஒப்புதல்" என்கிற மாதிரி அரைகுறைக் கடிதத்தை வைத்துக்கொண்டு அவசரப்பட வேண்டாம். மூன்றாவது வழி பெற்றோரின் சேமிப்பு, நிரந்தர வைப்பு. இதற்குக் கடந்த நான்கு மாத வங்கிக் கணக்கு கேட்கிறார்கள், நீங்கள் ஆறு மாதம் கொடுங்கள்.

என் அக்கா மகனின் முதல் விண்ணப்பம் இங்கேதான் அடிபட்டது. ஒரு ஏஜென்ட் சொன்னதைக் கேட்டு, விண்ணப்பத்துக்கு மூன்று வாரம் முன்பு, தெரிந்தவரிடம் 18 லட்சம் வாங்கி மாமாவின் கணக்கில் போட்டுக் காட்டினார்கள். அதுவரை அந்தக் கணக்கில் லட்சத்தைத் தாண்டி ஒரு நாளும் இருந்ததில்லை. மாமாவின் வருமான வரிக் கணக்கு வருடம் ஐந்து லட்சம் சொல்கிறது, வங்கிக் கணக்கு திடீரென்று 18 லட்சம் சொல்கிறது, நடுவில் எந்தக் காகிதமும் இல்லை. மறுத்துவிட்டார்கள். இரண்டாவது முறை, உண்மையிலேயே இருந்த நிலத்தை வைத்துக் கல்விக் கடன் வாங்கி, எல்லாவற்றையும் காகிதத்தோடு காட்டினோம், கிடைத்தது. மூன்று வாரத்துக்கு வாங்கிய அந்தப் பணத்துக்குக் கொடுத்த வட்டி இன்றைக்கும் அக்காவுக்கு உறுத்தல்.

பெரிய தொகை வந்தது என்றால் எங்கிருந்து வந்தது என்று காட்டுங்கள். இடம் விற்ற பணமா, கிரயப் பத்திரம். நகைக் கடனா, வங்கி ரசீது. ஓய்வூதியப் பணமா, அலுவலக ஆணை. வீடு, நிலத்தின் மதிப்பைச் சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் சான்றில் போட்டுக் கோடி கோடியாகக் காட்டுவது நம் ஊர் வழக்கம். அதை வைக்கலாம், குடும்பத்துக்கு ஊரில் வேர் இருக்கிறது என்பதற்கு அது உதவும், ஆனால் கட்டணம் கட்டக்கூடிய ரொக்கமாக அதை எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பணம் அனுப்பும்போது வரி விஷயம் ஒன்று. ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் சொந்தப் பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்பினால், மேற்பட்ட தொகைக்கு வங்கி டிசிஎஸ் என்ற வரியை முன்கூட்டியே பிடிக்கும். வங்கிக் கல்விக் கடனிலிருந்து போகும் பணத்துக்கு இது இல்லை. பிடித்த தொகை யாருடைய பான் எண்ணில் போனதோ அவருடைய வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், அதிகமாக இருந்தால் திரும்பப் பெறலாம். கல்விக் கட்டணம் ஒரு நிதியாண்டிலும் மீதி அடுத்த ஏப்ரலிலும் போகும்படி திட்டமிட்டால் இந்தச் சுமை குறையும்.

பெயர், இனிஷியல், மொழிபெயர்ப்பு

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கே உரிய சிக்கல் இது. பத்தாம் வகுப்புச் சான்றில் "மு. செல்வகுமார்", பாஸ்போர்ட்டில் "செல்வகுமார் முருகேசன்", சில பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டமே காலி.

பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். குடும்பப் பெயர் கட்டம் காலி என்றால், விண்ணப்பத்தில் பெயர் முழுவதையும் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதி, மற்றக் கட்டத்தைக் காலியாக விடச் சொல்கிறது ஐஆர்சிசி. கல்லூரியின் சேர்க்கைக் கடிதத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரே வர வேண்டும். வேறு மாதிரி அச்சாகியிருந்தால் ஒரு மெயில் போட்டு முதலிலேயே திருத்தி வாங்குங்கள். இனிஷியல் வேறுபாட்டுக்கு "இரண்டும் ஒரே நபர்" என்று நோட்டரி முன்னிலையில் ஒரு உறுதிமொழிப் பத்திரம் போட்டு இணைத்துவிடுங்கள். விண்ணப்பத்துக்கு முன்பே நேரம் நிறைய இருந்தால் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துப் புதிதாக எடுத்துவிடுவது நல்லது, பின்னாளில் வங்கி, ஓட்டுநர் உரிமம் என்று எல்லா இடத்திலும் நிம்மதி.

பாஸ்போர்ட் காலாவதித் தேதியையும் இப்போதே பாருங்கள். பாஸ்போர்ட் முடியும் நாளைத் தாண்டி பெர்மிட் தர மாட்டார்கள். இரண்டு வருடப் படிப்புக்குப் போகிறவரின் பாஸ்போர்ட் 14 மாதத்தில் முடிகிறது என்றால், பெர்மிட்டும் 14 மாதம்தான். அப்புறம் அங்கே போய் நீட்டிக்க அலைய வேண்டும்.

பட்டா, வில்லங்கச் சான்று, சாதிச் சான்று, தமிழில் இருக்கும் பிறப்புச் சான்று எதுவானாலும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியோடும் போக வேண்டும். நீங்களோ வீட்டில் இருப்பவரோ மொழிபெயர்த்தால் ஏற்க மாட்டார்கள். தேவையில்லாத தமிழ்க் காகிதங்களை எல்லாம் கட்டு கட்டாக வைக்கவும் வேண்டாம்.

விளக்கக் கடிதம்: இதை நீங்களே எழுதுங்கள்

எஸ்ஓபி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். இதை எழுதித்தரக் கடைகள் இருக்கின்றன, இப்போது ஏஐ-யும் எழுதித் தருகிறது. இரண்டிலும் "கனடா உலகத்தரம் வாய்ந்த கல்விக்குப் பெயர் பெற்றது, பன்முகப் பண்பாடு கொண்ட நாடு" என்று தொடங்கி ஒரு பக்கம் போகும். அதில் உங்களைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. வாசிக்கிறவர் கனடா அரசின் அதிகாரி, கனடாவைப் பற்றி அவருக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர் மனதில் சில கேள்விகள் இருக்கும். இந்தப் படிப்பு இவருக்கு ஏன்? இவ்வளவு செலவு செய்து இதைக் கனடாவில் ஏன் படிக்க வேண்டும்? பணம் எங்கிருந்து வருகிறது? அனுமதிக் காலம் முடிந்தால் கிளம்புவாரா? கடைசிக் கேள்வி சட்டத்திலேயே இருக்கிறது. குடிவரவு விதிகளில் 216-ஆம் பிரிவு, தங்கும் காலம் முடிந்ததும் வெளியேறுவார் என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும் என்கிறது. அதே நேரம், பின்னாளில் நிரந்தரமாகக் குடியேறும் ஆசை இருப்பது மட்டுமே தடையல்ல என்று குடிவரவுச் சட்டத்தின் 22(2) பிரிவு சொல்கிறது. ஆகவே "நான் ஒருபோதும் அங்கே இருக்க மாட்டேன்" என்று சத்தியம் செய்ய வேண்டியதில்லை, பொய்யும் வேண்டாம். ஊரில் உங்களுக்கு என்ன இருக்கிறது, இந்தப் படிப்பை முடித்துவிட்டு இங்கே எந்த வேலைக்குத் திரும்ப முடியும் என்பதை ஆதாரத்தோடு எழுதுங்கள்.

ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் மூன்று வருடம் தரக் கட்டுப்பாட்டில் வேலை பார்த்த மெக்கானிக்கல் பையன், ஹோட்டல் மேலாண்மை டிப்ளமோவுக்கு விண்ணப்பித்தால் எந்த அதிகாரிக்கும் சந்தேகம் வரும். அதே பையன் தர மேலாண்மை சார்ந்த படிப்பை எடுத்து, தன் தொழிற்சாலையில் எந்த வேலையைச் செய்தான், எந்தப் பதவிக்கு உயர எந்தத் திறமை குறைகிறது, அந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் அந்தக் குறையை நிரப்புகிறது என்று எழுதினால் கடிதம் தானாகவே நிற்கும். திருப்பூரில் அப்பா பின்னலாடை யூனிட் நடத்துகிறார், மகள் சப்ளை செயின் படிக்கப் போகிறாள் என்றால் அந்த யூனிட்டின் ஜிஎஸ்டி பதிவே அவள் திரும்பி வருவதற்கான காரணத்தைப் பேசும். துறை மாறுவது தவறில்லை, ஆனால் ஏன் மாறுகிறீர்கள் என்று நம்பும்படி சொல்ல வேண்டும்.

அரியர் இருந்ததா, மறைக்காதீர்கள். மதிப்பெண் பட்டியலில் எப்படியும் தெரியும். மூன்றாம் செமஸ்டரில் அப்பா உடல்நிலை சரியில்லாமல் இரண்டு பாடம் போனது, அடுத்த முறையே எழுதி முடித்தேன் என்று இரண்டு வரி போதும். படிப்பு முடித்து இரண்டு வருடம் சும்மா இருந்தீர்களா, போட்டித் தேர்வுக்குப் படித்தீர்களா, அதையும் சொல்லுங்கள், ஹால் டிக்கெட் இருந்தால் இணையுங்கள். வேலை பார்க்காத காலத்துக்கு அனுபவச் சான்று "ஏற்பாடு" செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பொய்யான தகவல் என்று முடிவானால் ஐந்து வருடம் கனடாவுக்கு எந்த விண்ணப்பமும் எடுபடாது. ஏஜென்ட் செய்தான், எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிப்பது மிகவும் கடினம், கையெழுத்து உங்களுடையது.

வேறு எந்த நாடாவது விசா மறுத்திருந்தால் அந்தக் கேள்விக்கு "ஆம்" என்றுதான் பதில். அமெரிக்காவும் கனடாவும் விண்ணப்பதாரர் தகவலைப் பகிர்ந்துகொள்கின்றன. மறுக்கப்பட்டது குற்றமில்லை, மறைத்தால்தான் குற்றம்.

நீளம் ஒன்றரை, இரண்டு பக்கம் போதும். எழுதி முடித்ததும் அப்பா அம்மாவுக்குத் தமிழில் வாசித்துச் சொல்லுங்கள். "இது நம்ம வீட்டுக் கதைதான்" என்று அவர்களுக்குத் தோன்றினால் கடிதம் சரியாக வந்திருக்கிறது.

மெடிக்கல், விண்ணப்பம், பயோமெட்ரிக்

இந்தியாவிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் படிக்கப் போகிறவர்கள் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். ஐஆர்சிசி அங்கீகரித்த மருத்துவர்களிடம் மட்டும்தான், பட்டியல் அவர்கள் தளத்தில் இருக்கிறது. விண்ணப்பத்துக்கு முன்பே முடித்துவிட்டால் நாள் மிச்சம். முடித்ததும் தரும் தாளை அப்லோட் செய்ய வேண்டும். முடிவு 12 மாதம் செல்லும். முன்பு காசநோய்க்கு மருந்து எடுத்திருந்தால் பழைய எக்ஸ்ரே, சிகிச்சைக் காகிதங்களைக் கையோடு கொண்டுபோங்கள்.

ஐஆர்சிசி கணக்கை உங்கள் சொந்த மெயிலில், உங்கள் சொந்தக் கடவுச்சொல்லில் தொடங்குங்கள். ஏஜென்ட் மெயிலில் தொடங்கிவிட்டு, கூடுதல் ஆவணம் கேட்டு வந்த கடிதம் யார் கண்ணிலும் படாமல் கெடு தாண்டிப்போன வீடு எனக்குத் தெரியும். காசு வாங்கிக்கொண்டு உங்களுக்காக விண்ணப்பிக்க அனுமதி உள்ளவர்கள் கனடாவின் உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகர்கள், வழக்கறிஞர்கள், பாராலீகல் எனப்படும் சட்டப் பணியாளர்கள், கியூபெக் நோட்டரிகள் மட்டுமே. ஆலோசகரின் உரிம எண்ணை சிஐசிசி என்ற அவர்களின் ஒழுங்குமுறை அமைப்பின் பொதுப் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம். அப்படி ஒருவரை வைத்தால் ஐஎம்எம் 5476 படிவத்தில் அவர் பெயரைக் காட்ட வேண்டும். "என் பெயர் போட வேண்டாம், நீங்களே போட்ட மாதிரி இருக்கட்டும்" என்று சொல்கிறவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

முக்கியப் படிவம் ஐஎம்எம் 1294. மொபைலில் திறக்காது, கணினியில் அடோபி ரீடரில் திறந்து நிரப்பி, "வேலிடேட்" பொத்தானை அழுத்திச் சேமிக்க வேண்டும். ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரே ஒரு இடம், ஒரு கோப்பு 4 எம்பி-க்குள் இருக்க வேண்டும். ஆகவே ஒரே வகைக் காகிதங்களை ஒரே பிடிஎஃப் ஆக்குங்கள், முதல் பக்கத்தில் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று வரிசை எழுதுங்கள். விளக்கக் கடிதத்தையும், தனி இடம் இல்லாத மற்ற ஆவணங்களையும் "கிளையன்ட் இன்ஃபர்மேஷன்" என்ற இடத்தில் போடலாம். வேலை, படிப்பு, முகவரித் தேதிகள் படிவத்திலும் கடிதத்திலும் சான்றுகளிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபாருங்கள்.

கட்டணம் பெர்மிட்டுக்கு 150 டாலர், பயோமெட்ரிக்குக்கு 85, ஆக 235 கனடிய டாலர். பணம் கட்டியபின் பயோமெட்ரிக் கடிதம் வரும், அதற்கு 30 நாள் அவகாசம். சென்னையில் விஎஃப்எஸ் என்ற விசா விண்ணப்ப மையத்தில் நேரம் பதிவு செய்து கைரேகையும் படமும் கொடுத்துவிட்டு வரலாம். ஒரு முறை கொடுத்தால் பத்து வருடம் செல்லும்.

பிறகு காத்திருப்பு. இந்த நேரத்தில் ஐஆர்சிசி உங்கள் சேர்க்கைக் கடிதம் உண்மையா என்று கல்லூரியிடமே கேட்கும். 2023 டிசம்பர் 1 முதல் இந்த நடைமுறை. போலி சேர்க்கைக் கடிதத்தோடு போய், வருடங்கள் கழித்து மாட்டிக்கொண்ட இந்திய மாணவர்களின் கதை அந்த வருடம் பெரிதாக வெளிவந்த பிறகு வந்த மாற்றம் இது. கல்லூரி பத்து நாளுக்குள் உறுதி செய்ய வேண்டும், ஆகவே விண்ணப்பித்ததும் விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு கல்லூரிக்கு ஒரு மெயில் போட்டுவிடுவது நல்ல பழக்கம். இந்த நாட்களில் வேலையை விட்டுவிடாதீர்கள், டிக்கெட்டும் எடுக்காதீர்கள்.

மறுத்துவிட்டால்

அழுகை வரும், வரட்டும். ஒரு வாரம் எதுவும் செய்யாதீர்கள். அதே காகிதங்களை மறுபடி அனுப்பினால் அதே பதில்தான் வரும்.

2025 ஜூலை 29 முதல், ஸ்டடி பெர்மிட் உட்படச் சில வகை மறுப்புக் கடிதங்களோடு அதிகாரி எழுதிய குறிப்பையும் சேர்த்து அனுப்புகிறார்கள். உங்கள் கடிதத்தோடு அது வந்திருந்தால் அதைத்தான் முதலில் படிக்க வேண்டும். வரவில்லை என்றால், உங்கள் கோப்பைப் பற்றி ஐஆர்சிசியின் கணினியில் பதிவாகியிருக்கும் ஜிசிஎம்எஸ் குறிப்பைக் கனடாவின் தகவல் அறியும் சட்டத்தில் கேட்கலாம், ஐந்து டாலர் கட்டணம், ஆனால் கனடாவில் இருக்கும் ஒருவர் மூலம் கேட்க வேண்டும். குறிப்பில் "நிதி ஆதாரம் போதவில்லை" என்றிருந்தால் பணப் பகுதியை மாற்றுங்கள். "படிப்புத் தேர்வு பொருந்தவில்லை" என்றால் கடிதத்தை அழகாக மாற்றி எழுதினால் தீராது, படிப்பையே மறுபடி யோசிக்க வேண்டும். முடிவு சட்டப்படி தவறு என்று உறுதியாகத் தோன்றினால் 60 நாளுக்குள் கனடாவின் கூட்டாட்சி நீதிமன்றத்தை அணுகலாம், ஆனால் வழக்கறிஞர் செலவோடு பார்த்தால் பெரும்பாலான குடும்பங்களுக்குப் புது விண்ணப்பமே கட்டுப்படியாகும்.

அதோடு கல்லூரிக்கு எழுதி, அடுத்த இன்டேக்குக்கு, அதாவது அடுத்த சேர்க்கைப் பருவத்துக்கு இடத்தை மாற்றுவதா, பணத்தைத் திரும்பப் பெறுவதா என்று கெடு முடிவதற்குள் சொல்லிவிடுங்கள். ஜிஐசி பணமும் மறுப்புக் கடிதத்தைக் காட்டினால் திரும்பக் கிடைக்கும்.

கிடைத்துவிட்டால்

பாஸ்போர்ட்டை விஎஃப்எஸ் மையத்தில் கொடுக்கச் சொல்லிக் கடிதம் வரும், விசா ஒட்டித் திருப்பித் தருவார்கள். திருமணமானவர்கள் துணையையும் அழைத்துப்போகக் கணக்குப் போடுகிறீர்கள் என்றால், 2025 ஜனவரி 21 முதல் துணைக்கு வேலை அனுமதி என்பது 16 மாதம் அல்லது அதற்கு மேற்பட்ட முதுகலை, முனைவர், சில குறிப்பிட்ட தொழிற்படிப்புகளுக்கு மட்டும்தான். டிப்ளமோவுக்குப் போகிறவரின் துணைக்கு இல்லை.

கைப்பையில் பாஸ்போர்ட், அறிமுகக் கடிதம், சேர்க்கைக் கடிதம், பிஏஎல், கட்டண ரசீது, ஜிஐசி அல்லது கடன் காகிதம், தங்கும் முகவரி. இவை எதுவும் லக்கேஜில் போகக் கூடாது. ரொக்கம் 10,000 கனடிய டாலர் மதிப்பு அல்லது அதற்கு மேல் இருந்தால் அறிவிக்க வேண்டும்.

இறங்கியதும் முதலில் கண்ணில் படும் வாசலைப் பார்த்து ஓடிவிடாதீர்கள். ஸ்டடி பெர்மிட் வாங்க வேண்டும் என்று சொல்லி குடிவரவு மேசைக்குப் போங்கள், இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றாலும் பரவாயில்லை, டொரன்டோவில் மாறி வேறு ஊருக்குப் போகிறவர்கள் அடுத்த விமானத்துக்கு நான்கு மணி நேரமாவது இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். பெர்மிட் கையில் கிடைத்ததும் அந்த இடத்தை விட்டு நகராமல் பெயர், பிறந்த தேதி, கல்லூரியின் பெயர் பாருங்கள். முடியும் தேதி சாதாரணமாகப் படிப்பு முடிவதிலிருந்து 90 நாள் தள்ளி இருக்கும். கீழே குறிப்புப் பகுதியில் வளாகத்துக்கு வெளியே வேலை பார்க்கலாம் என்ற வரி இருக்கிறதா பாருங்கள். வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 24 மணி நேரம் வரை, அதுவும் படிப்பு தொடங்கிய பிறகுதான். அந்த வரி விட்டுப்போயிருந்தால் மேசையில் இருக்கும் அதிகாரியிடமே பணிவாகக் கேளுங்கள், அங்கேயே திருத்திக் கொடுத்துவிடுவார்கள். வெளியே வந்தபின் திருத்தம் கேட்டால் தபாலுக்கும் பதிலுக்கும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பெர்மிட்டைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அப்புறம் பெட்டியைத் தேடப் போங்கள்.